மணியும் பூட்டும்: பேச்சைக் கட்டுப்படுத்தும் விதிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் ஊர் வாசிகசாலையில் வருடாந்தப் பொதுக்கூட்டம். தலைவரின் மேசையில் ஒரு பழைய சைக்கிள் மணி இருக்கும். பேசுகிறவர் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தலைவர் அதை ஒருதரம் அடிப்பார். ஊரில் பெரிய மனிதர் என்றாலும், போன மாதம் சந்தா கட்டிச் சேர்ந்த பொடியன் என்றாலும், மணி கேட்டால் பேச்சை முடித்துக்கொண்டு அமர வேண்டும். அதற்காக யாரும் கோபித்ததில்லை.

கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஓர் அக்கா எழுந்தார்.

"தலைவர் அண்ணை, கூரை திருத்தின காசுக்கு பில் இருக்கோ? ஒருக்காப் பாக்கலாமோ?"

"பிள்ளை, உது நிகழ்ச்சி நிரலிலை இல்லை. பிறகு தனியக் கதைப்பம்."

அவ்வளவுதான். அக்கா அமர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர், "உனக்கேன் தங்கச்சி பொல்லாப்பு" என்று மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது. அப்போது நான்தான் செயலாளர். கூட்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாததை எப்படி எழுதுவது என்று பேனையை மூடிவிட்டேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

பேச்சைக் கட்டுப்படுத்தும் விதிகளை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கூட்டம் போதும் என்று நினைக்கிறேன். ஒரே மேசையில் இருந்து இரண்டு கட்டுப்பாடுகள் வந்தன. மணி, எவ்வளவு நேரம் பேசலாம் என்று மட்டும் சொல்கிறது. என்ன பேசுகிறோம் என்று அது கேட்பதில்லை, ஆள் பார்த்து அடிப்பதும் இல்லை. அடுத்தவருக்கு முறை கிடைக்கிறதே அந்த மணியால்தான். இரண்டாவதாக வந்தது பூட்டு. இந்த விடயத்தை இங்கே கதைக்கக் கூடாது என்று அது சொல்லிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் என்பதே அடிப்படையில் ஒரு மணிதான். கூட்டம் கண்டபடி இழுபடாமல் இருக்க வைத்த ஒழுங்கு அது. அன்று அதைத்தான் பூட்டாகத் திருப்பிப் போட்டார்கள். ஆகவே ஒரு விதியின் பெயரை வைத்து அது எந்த வகை என்று தீர்மானிக்க முடியாது. நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? எல்லோருக்கும் ஒரே மாதிரியா? இப்போது கேட்கக் கூடாது என்றால், எப்போது, யாரிடம் கேட்கலாம்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பூட்டு இருக்கிறது.

வாசிகசாலையில் இருந்து இலங்கைப் பாராளுமன்றத்துக்குப் போவோம். அங்கே சைக்கிள் மணிக்குப் பதிலாக நிலையியற் கட்டளைகள் இருக்கின்றன. யார் எப்போது எழுந்து பேசலாம், கேள்வியை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இன்னோர் உறுப்பினருக்குக் கெட்ட நோக்கம் கற்பிக்கக் கூடாது. நீதிமன்றத்தில் விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றி விவாதிக்கக் கூடாது. நீதிபதியின் நடத்தையைப் பற்றிப் போகிற போக்கில் பேச முடியாது, அதற்கென்றே தனிப் பிரேரணை கொண்டுவர வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் ஈடாக உறுப்பினருக்கு ஒரு பெரிய பாதுகாப்பு கிடைக்கிறது. 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சிறப்புரிமைச் சட்டத்தின்படி, சபைக்குள் சொன்ன சொல்லுக்காக அவரை எந்த நீதிமன்றத்துக்கும் இழுக்க முடியாது. ஒரு ஒப்பந்தக்காரரின் பெயரைச் சொல்லி ஊழல் என்று அவர் அங்கே சொல்லலாம். அதே வார்த்தையை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று நீங்களோ நானோ சொன்னால் அவதூறு வழக்கு வரலாம். நல்ல வேளையாக, 2002இல் இருந்து இலங்கையில் அவதூறு சிறைக்கு அனுப்பும் குற்றம் அல்ல. குடியியல் வழக்காக, நட்டஈடு கேட்டு மட்டும் போடலாம்.

அந்த ஒழுங்குக்குள்ளேயும் பூட்டு நுழையும். ஒருவர் சொன்ன சொற்களை, சபையின் பேச்சுக்களை அப்படியே பதியும் அறிக்கையான ஹன்சாட்டில் இருந்து நீக்கும்படி சபாநாயகர் உத்தரவிடலாம். சபையில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். பின்னாளில் வாசிப்பவருக்கு அது கிடைக்காது. 2025 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் ஒருவர் பிறரை இழிவுபடுத்திப் பேசினார் என்பதற்காக, அவருடைய உரைகள் சில வாரங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பாகாது என்று சபாநாயகர் அறிவித்தார். சபைக்கு வெளியே இருக்கும் ஒருவரை, அவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் வைத்து ஏசுவது தவறு. அதற்குத் தண்டனை இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒருவர் நாளைக்கு என்ன பேசப் போகிறார் என்று தெரியாமல், நாளைய பேச்சை இன்றே நிறுத்துவதைப் பூட்டு என்றுதான் சொல்வேன். அவரை அனுப்பிய வாக்காளர்களின் காதையும் சேர்த்தல்லவா அது அடைக்கிறது?

சரி, சபைக்கு வெளியே இருக்கும் எங்களுக்கு என்ன உரிமை? அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. வெளியீட்டுச் சுதந்திரமும் அதற்குள் அடக்கம். அடுத்த பக்கத்தில் 15ஆம் உறுப்புரை அதற்கு எல்லை போடுகிறது: இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். இவற்றோடு தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம். இதற்கெல்லாம் சட்டம் ஒன்று வேண்டும். ஆனால் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அவசரகால ஒழுங்குவிதிகளும் அந்தச் சட்டக் கணக்கில் சேரும். 10ஆம் உறுப்புரையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சிந்தனைக்கும் மனச்சாட்சிக்குமான சுதந்திரத்துக்கு எந்த எல்லையும் போடப்படவில்லை. மனதுக்குள் எதையும் நினைக்கலாம், வாயைத் திறந்தால்தான் 15 வருகிறது.

இங்கே ஒரு சொல் இல்லாததைக் கவனிக்க வேண்டும். இந்திய அரசியலமைப்பில் பேச்சுக்குப் போடும் கட்டுப்பாடு 'நியாயமான' கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 1951இல் செய்த முதலாவது திருத்தத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். எங்கள் 15ஆம் உறுப்புரையில் அப்படி ஒரு சொல் இல்லை. இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, கட்டுப்பாடு அவசியமானதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் இங்கே ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறிச் சட்டமாகிவிட்டால், அது அரசியலமைப்புக்கு முரண் என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. 80ஆம் உறுப்புரை அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் உண்டு. வெறும் நடைமுறை விடயம் மாதிரித் தெரியும். பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஏன் இங்கே இவ்வளவு காலம் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சொல்லுக்கு வழக்கு நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். 1983 ஓகஸ்டில், ஜூலைக் கலவரம் முடிந்த கையோடு, ஆறாவது திருத்தம் வந்தது. இலங்கைக்குள் தனிநாட்டை ஆதரிப்பதையும் ஊக்குவிப்பதையும் அது தடை செய்தது. பதவி ஏற்பவர்கள் தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்யவும் வேண்டும். தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அந்தச் சத்தியத்தைச் செய்யாமல் பாராளுமன்றத்தில் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். வடக்கு கிழக்கின் குரல் சபையில் இல்லாமல் போனது அப்படித்தான். அதற்குப் பிறகு சமஷ்டி, அதாவது ஒரே நாட்டுக்குள் மத்தியும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிரும் முறை, என்று சொன்னாலே பிரிவினை என்று குற்றஞ்சாட்டும் பழக்கம் வந்தது. இலங்கைத் தமிழரசுக் கட்சி தனிநாட்டை நோக்கமாகக் கொண்டது என்று பிரகடனம் செய்யக் கோரி ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தக் கட்சியின் மாவை சேனாதிராஜா எதிர்மனுதாரர். 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது: சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பது ஆகாது, ஒரு நாட்டுக்குள்ளேயே அப்படி ஓர் ஆட்சிமுறை இருக்க முடியும். பூட்டு கழன்றுவிடவில்லை. ஆனால் அதன் எல்லை எங்கே முடிகிறது என்று ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு 34 வருடம் எடுத்திருக்கிறது.

கோடே போடாத சட்டங்கள்தான் எல்லாவற்றிலும் பாரமானவை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்தது. 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயர் மட்டும் இன்னும் தற்காலிகம். இனங்களுக்கிடையில் ஒற்றுமையின்மையை உண்டாக்கும் நோக்கத்தோடு சொன்ன சொல், எழுதிய எழுத்து, காட்டிய சைகை எல்லாம் அதில் குற்றமாகலாம். பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள். ஒரு சஞ்சிகையில் வந்த எழுத்துதான் வழக்கின் மையம். அடுத்த வருடம் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் கைது செய்தார்கள். அவருடைய தமிழ்க் கவிதைகள் தீவிரவாதத்தை ஊட்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கவிதையில் குற்றம் இல்லை என்று அறிய மூன்றரை வருடம்.

இப்படியான ஒரு வழக்கால் எத்தனை பேர் எழுதாமல் விட்டார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. அதுதான் இந்த வகைச் சட்டத்தின் வேலை. தெளிவான விதி என்றால் அந்தக் கோடு வரைக்கும் துணிந்து போகலாம். கோடு எங்கே என்று தெரியாவிட்டால் பத்தடி முன்னாலேயே நின்றுவிடுவோம். பூட்டை எங்கள் கையில் தந்து எங்களையே பூட்டச் சொல்வது இது. 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் எனக்குள்ள பயம் இதுதான். இணையத்தில் வரும் 'பொய்யான கூற்று' எது என்று ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று பார்க்கும் என்கிறது அது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அதிகம் பழக்கமானது இன்னொன்று: தடையுத்தரவு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ், பொது அமைதிக்கு அவசர ஆபத்து என்று பொலிஸார் நீதவானிடம் சொன்னால், மற்றத் தரப்பைக் கேட்காமலே அவர் உத்தரவு போடலாம். பின்னேரம் படலையடிக்குப் பொலிஸார் வருவார்கள். கையில் ஒரு கடதாசி. அதில் உங்கள் பெயர், உங்களோடு இன்னும் பத்துப் பதினைந்து பேரின் பெயர். வாசித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம் இல்லை. படலையில் பொலிஸ் நின்றதே போதும்.

2020 செப்டெம்பரில் நல்லூரில், 1987இல் அங்கே உண்ணாவிரதம் இருந்து இறந்த விடுதலைப் புலிகள் உறுப்பினர் திலீபனின் நினைவேந்தலுக்கு யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றம் இப்படித்தான் தடை விதித்தது. 26ஆம் திகதி தமிழ்க் கட்சிகள் சாவகச்சேரி சிவன் கோயில் முன்றலில் கூடி உண்ணாவிரதம் இருந்தன. 28ஆம் திகதி வடக்கு கிழக்கு எங்கும் ஹர்த்தால். இதில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தடையுத்தரவுக்கு எல்லை உண்டு. எந்த இடத்துக்கு, எந்த ஆட்களுக்கு, எத்தனை நாளுக்கு என்று அந்தக் கடதாசியில் இருக்கும். அதை மாற்றவோ நீக்கவோ கேட்டு அதே நீதவானிடம் சட்டத்தரணி மூலம் போகலாம். ஆகவே கடதாசி கையில் கிடைத்தால் முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, முழுவதையும் வாசிக்க வேண்டும்.

ஊர்வலம் பற்றியும் எங்களுக்குள் ஒரு தவறான எண்ணம். 'பொலிஸ் பெர்மிசன் எடுத்தாச்சோ?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு கேட்பது அறிவித்தலை. ஊர்வலம் தொடங்குவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு பொது ஒழுங்குக்காகத் தடுக்க வேண்டும் என்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலான அதிகாரியோதான் தடுக்கலாம். ஒலிபெருக்கிக்குத்தான் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது வேறு விடயம். அறிவிப்பது மணி. அனுமதி கேட்டுக் காத்திருப்பது பூட்டு. சட்டம் போடாத பூட்டை நாங்களே பழக்கத்தால் போட்டு வைத்திருக்கிறோம்.

அரச உத்தியோகத்தர்களுக்கு, அவர்களுடைய வேலை விதிகளின் தொகுப்பாகத் தாபனக் கோவை இருக்கிறது. அனுமதியில்லாமல் ஊடகங்களுக்குத் தகவல் கொடுக்கக் கூடாது என்பது பழைய விதி. 2022 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கை அதைச் சமூக ஊடகங்களுக்கும் நீட்டியது. நோயாளியின் கோப்பு, பரீட்சை வினாத்தாள் விபரம் வெளியே போகாமல் இருக்க ஒரு விதி கட்டாயம் வேண்டும். ஆனால் விடுதியில் மருந்து இல்லை என்று ஒரு தாதி சொல்வதையும் அதே விதியால் தடுத்தால் நோயாளிக்கு அதனால் என்ன நன்மை? வீட்டுக்கு ஓர் உத்தியோகத்தர் இருக்கும் எங்கள் மாவட்டத்தில், இந்த ஒரு கோவை எத்தனை வாயைத் தொடுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எழுதாத விதியையும் சொல்லாமல் விட முடியாது. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது திருநெல்வேலியில் சுடப்பட்டு இறந்தார். 35 வயது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இராணுவங்களையும் தமிழ் ஆயுத இயக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளந்தவர். அவரோடு வேலை செய்தவர்கள் விடுதலைப் புலிகளையே குற்றஞ்சாட்டினார்கள். 2000 ஒக்டோபரில் பத்திரிகையாளர் நிமலராஜனை, ஊரடங்கு நேரத்தில், இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தில், வீட்டுக்குள் வைத்துக் கொன்றார்கள். இவற்றுக்கெல்லாம் எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. ஆனால் இரண்டு தலைமுறைக்கு இவை விதியாகிவிட்டன. 'எங்களுக்கேன் பொல்லாப்பு' என்ற வசனத்தைக் கோழைத்தனம் என்று வெளியில் இருப்பவர் சொல்லலாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் தாய்மார் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஒருவரைத் துரோகி என்று ஒரு சொல்லில் அடித்து உட்கார வைக்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பிரேதம் போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

கட்டுப்பாடு ஒன்று உங்கள் மேல் வந்தால் என்ன செய்யலாம்? முதலில் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச சபையின் உபவிதியோ திணைக்களத்தின் சுற்றறிக்கையோ எதையும் தமிழிலேயே விண்ணப்பித்துக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. அரசோ அதன் அதிகாரியோ அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொழும்புக்குப் போய் வழக்காடக் காசும் நாளும் வேண்டும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அது விசாரணையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் உண்டு. பலர் ஒரு மாதம் கழிந்த பிறகுதான் ஆளைத் தேடிப் போகிறார்கள்.

வாசிகசாலைக் கதைக்கு வருகிறேன். அந்தக் கூட்டம் முடிந்து கொஞ்ச நாளில், அலுமாரிக்குள் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே எங்கள் யாப்பைத் தேடி எடுத்தேன். தட்டச்சில் ஆறு பக்கம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக எழுத்தில் கொடுத்தால் எந்த அங்கத்தவரின் கேள்வியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. தலைவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் அதை வாசித்துவிட்டு, "உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

அடுத்த வருடம் அவருடைய கடிதம் நேரத்துக்கு வந்தது. நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாகப் போட்டோம். அவர் எழுந்து கூரைத் தகட்டு விலையில் இருந்து தொடங்கி, ஓடாவியின் கூலி வரைக்கும் விளக்கமாகக் கேட்டார். ஐந்து நிமிடம் ஆனதும் தலைவர் சைக்கிள் மணியை அடித்தார். அக்கா ஒரு வசனத்தோடு முடித்துக்கொண்டு அமர்ந்தார். பொருளாளர் கோப்பைத் திறந்தார். தகட்டு பில் இருந்தது, கூலிப் பற்றுச்சீட்டு இல்லை. அடுத்த மாதத்துக்குள் கொண்டுவருவதாகச் சொன்னார். கேள்வியையும் பதிலையும் அப்படியே கூட்டறிக்கையில் எழுதினேன். பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை.